இந்த வாரம் அதிகம் ஓடியது

ரேணுகா இறந்து தொண்ணூற்றெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அன்று காலை அவள் கணவர் தண்டபாணி அவளுடைய இணைசெவியை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு, கோவை கணபதியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு நடந்து போனார். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை போன் வந்திருந்தது. கொடுத்துவிட்டால் மூன்றாவது முறை வராது. அவர் யோசித்தது அவ்வளவுதான்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பம்ப்செட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் சிறிய பட்டறை வைத்திருந்தார். இப்போதெல்லாம் காயிலை இயந்திரமே சுற்றிவிடுகிறது. கம்பி அறுந்தால் நிறுத்துவதற்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் உட்கார்ந்திருந்தார்.

பேக்கரி மாடியில் ஒரு நீளமான அறை. ஏழு வருடமாக ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அங்கே பாட்டுப் பிரியர்கள் சிலர் கூடுவார்கள். ரேணுகாவும் அதில் ஒருத்தி. அந்த வாரம் யார் எந்த ஆல்பத்தை அதிகம் போட்டுக் கேட்டார்களோ அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிடித்தது எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதிகம் ஓடியது எது என்பதுதான் கேள்வி. பிடித்ததைச் சொல்லச் சொன்னால் ஆட்கள் பொய் சொல்வார்கள் என்பது அந்தக் குழுவை ஆரம்பித்த மெஹருன்னிசாவின் கருத்து. அவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

தண்டபாணி டப்பாவை மேஜைமேல் வைத்தார். "வர்றனுங்க மேடம்."

"ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்றார் மெஹருன்னிசா. "இது என்னன்னு ரேணு உங்ககிட்ட சொல்லியிருக்காளா?"

"பாட்டுக் கேக்கற மிஷினுன்னு சொன்னா."

"பாட்டுக் கேக்க நம்ம காது போதும். இதைக் காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா, நீங்க பாட்டுக் கேக்கறப்ப உங்களுக்குள்ள என்ன ஆகுதோ அதை எடுத்து, இதே மாதிரி ஒட்டியிருக்கற இன்னொருத்தருக்குக் குடுக்கும். உங்களுக்குச் சிலிர்த்தா எனக்கும் சிலிர்க்கும். நான் கேக்கறது அதே பாட்டுத்தான். ஆனா உங்க வழியாக் கேக்கறேன்."

"ஓகோ" என்றார் தண்டபாணி.

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் அவரைப் பார்த்துச் சிரித்தான். பெயர் நிரஞ்சன். இணைசெவி தயாரிக்கும் நிறுவனத்தில்தான் அவனுக்கு வேலை. "நீங்க இந்த வாரம் என்ன சார் அதிகம் கேட்டீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தான்.

"வீட்டுல ஒண்ணு ஓடிட்டே இருக்குதுங்க. 'வெயில் சாயும் பக்கம்'னு போட்டிருக்கும். புல்லாங்குழலும் கிட்டாரும். பாட்டு கிடையாது."

நிரஞ்சன் ரேணுகாவின் கணக்கைத் தன் போனில் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "இந்த வாரம் மட்டும் இருநூத்தி ஒரு தடவை ஓடியிருக்கு!"

அந்த அறையில் அதுவரை யாரும் ஒரு வாரத்தில் நாற்பதைத் தாண்டியதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ரசிகரை ரேணு வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்தாளே என்று ஒருவர் வியந்தார். தண்டபாணி மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் நிறையப் பேச வேண்டியிருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டட்டுமா என்று கேட்டார்கள். ஒட்டுங்கள் என்றார். ஆல்பத்தின் முதல் உருப்படியைப் போட்டார்கள்.

குழல் ஆரம்பித்தது. ஆறு பேர் அவர் வழியாகக் கேட்டார்கள்.

முதலில் நிரஞ்சன் கண்ணைத் திறந்தான். பிறகு மெஹருன்னிசா. குழல் மேலே ஏறி இறங்கியது. கிட்டார் அதைத் தொட்டுப் பின்வாங்கியது. எல்லாம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல இருந்தது என்று நிரஞ்சன் பிற்பாடு சொன்னான்.

"கருவி கெட்டுப் போச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல" என்றான் நிரஞ்சன் மெதுவாக. "நல்லாத்தான் வேலை செய்யுது."

ஜன்னலோரம் இருந்த ஒருத்தி மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் பூங்கொடி. ஒரு பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நர்ஸ். குழந்தைகளுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. உருப்படி முடிந்த பிறகும் அவள் அப்படியே இருந்தாள்.

"இன்னொரு தடவை போடறீங்களாங்கண்ணா?" என்றாள்.

அன்று மாலை அவளே அவருக்குப் போன் செய்தாள். மதியம் மூன்று மணி நேரம் தூங்கியதாகச் சொன்னாள். கண்ணை மூடினால் வார்டில் கேட்கும் அழுகை வந்துவிடுகிறது என்பதால் அவள் சரியாகத் தூங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லைன்னா, வீட்டுல இருக்கறப்பவும் பட்டறையில இருக்கறப்பவும் அதை ஒட்டியே வெச்சிருப்பீங்களா? நீங்க கேட்டுட்டு இருந்தாத்தான் எனக்கு வரும்."

"பட்டறையில பாட்டு இல்லீங்களே."

"போன்ல போட்டுக்குங்கண்ணா. அதே ஆல்பம்."

சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒட்டிக்கொண்டார்.

பூங்கொடி தன்னோடு வேலை செய்த இரண்டு பேருக்குச் சொன்னாள். அவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சொன்னார்கள். நிரஞ்சன் தன் நிறுவனத்தில் சொன்னான். சம்மதமா என்று கேட்டு தண்டபாணிக்கு ஒரு படிவம் வந்தது. எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் 'ஆம்' என்று ஒரு பட்டன். அழுத்தினார். அந்த மாதக் கடைசியில் நானூறு பேர் அவர் வழியாக 'வெயில் சாயும் பக்கம்' கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு லட்சம் பேர். நாட்டிலேயே அதிகம் ஓடிய ஆல்பம் என்று அதன் பெயர் முதல் இடத்துக்கு வந்தது. அந்தக் குழல் வாசித்தவர் தேனிப் பக்கம் யாரோ. தன் இசை இத்தனை நெஞ்சங்களைத் தொட்டது பெருமை என்று எங்கோ பேட்டி கொடுத்திருந்தார்.

தண்டபாணிக்கு நிறையக் கடிதங்கள் போனில் வந்தன. அவர் எல்லாவற்றையும் படித்தார். தேர்வு எழுதும் பெண் பயமே இல்லாமல் எழுதியதாகச் சொன்னாள். விவாகரத்து வழக்குக்குப் போய்வந்த ஒருவர், எதிர்த்தரப்பு வக்கீல் பேசியது வானிலை அறிக்கை மாதிரி இருந்தது என்று எழுதினார். ஆக்கிரமிப்பு வீடுகளை இடிக்கும் வண்டி ஓட்டுகிறவர் எழுதியது சிறியது. "அய்யா, உங்க புண்ணியத்துல இன்னைக்குப் பதினோரு வீடு முடிச்சேன். யார் அழுததும் உறைக்கல."

அதையும் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரி மாடிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் உட்காரும் நாற்காலிக்கும் அந்த நாற்காலிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆட்கள்தான், ஆனால் மாறியிருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு உருப்படி முடிந்தால் அரைமணி நேரம் சண்டை நடக்குமாம். இப்போது எல்லாருக்கும் அதிகம் ஓடியது ஒரே ஆல்பம் என்பதால் பேச ஒன்றும் இல்லை. மெஹருன்னிசா மட்டும் ரொம்ப நாள் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தார்.

ஒருநாள் படி இறங்கும்போது பூங்கொடி கேட்டாள். "அண்ணா, அந்த ஆல்பம் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமாங்க?"

"நான் அதைக் கேட்டதே இல்லீங்க."

அவள் நின்றாள்.

"அன்னைக்குக் காலைல துணி மடிக்கறப்ப ரேணு போட்டா. முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஓடற மாதிரி வெச்சுக்குவா எப்பவும். வயித்துவலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூணாம் நாளு நான் மட்டும் வந்தேன். வந்தா ஓடிட்டு இருந்துது. ஆரும் அணைக்கல."

"கரண்ட்டு போனா?"

"அதுல பேட்டரி இருக்குதுங்க."

பூங்கொடி தலையாட்டினாள். வேறொரு காலத்தில் அவள் அழுதிருப்பாள். அன்று காதுக்குப் பின்னால் இணைசெவி இருந்தது. "சரிங்கண்ணா, பஸ் வந்துருச்சு" என்று ஏறிப் போனாள்.

அவர் இணைசெவி ஒட்டிக்கொண்ட ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பட்டறைக்கு வந்தாள். வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். இயந்திரத்தின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் அவர் அதை நிறுத்தினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"எங்க வார்டுல ஒரு பாப்பா இருந்துச்சுங்கண்ணா. அஞ்சு வயசு. வெந்நீர் கொட்டினது. போன வாரம் கட்டு மாத்தினேன். எப்பவும் கத்தும். அன்னைக்கும் கத்துச்சு. அப்புறம் அழுகை மெலிசாயி நின்னுருச்சு. நான் பாட்டுக்குக் கட்டை முடிச்சேன். பத்து நிமிஷம் ஆச்சு. டாக்டரு வந்து பார்த்தப்ப ரத்த அழுத்தம் கீழ போயிருந்துது. ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் இல்ல."

தண்டபாணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சாங்க. அழுகை மாறினது எனக்குத் தெரியலன்னு எழுதிக் குடுத்தேன். அந்த நிலைமைல யாராயிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. என் மேல தப்பில்லையாம்."

"ம்."

"அவங்கம்மா என் காலைப் புடிச்சுட்டு அழுதாங்க. நல்லாப் பார்த்துக்கிட்டீங்க சிஸ்டர்னு சொல்லி அழுதாங்க. நான் அவங்க தலைல பேன் இருக்கறதைப் பார்த்துட்டு நின்னேன். எனக்கு அழுகையே வரலீங்கண்ணா. அதை உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல."

அவள் எழுந்து போனாள். தண்டபாணி மறுபடி இயந்திரத்தைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கம்பி அறுந்தது. அவர் நிறுத்தவில்லை. இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். மணி பன்னிரண்டு இருக்கும். நல்ல வெயில்.

கூடத்தில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது உருப்படி. அவர் அதன் முன்னால் நின்றார். பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடினார். பின்பக்கம் இருந்தது. அழுத்தினார்.

வீடு சத்தமில்லாமல் ஆனது. அப்படி ஒரு நேரம் பத்து மாதமாக அந்த வீட்டில் வந்ததில்லை. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டு நிறுத்தினார்கள். காலையில் அவர் போட்டுவிட்டுப் போன மோட்டாரில் மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"ரேணு, மோட்டாரு அணைக்கலியா?" என்றார்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் சொன்னது வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றார். பழக்கத்தில் அதுவும் இருந்தது.

பதில் வரவில்லை. தண்ணீர் சொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

அப்போதுதான் காதுக்குப் பின்னால் கை போயிற்று. இணைசெவி அங்கேயே இருந்தது. இரண்டு லட்சம் பேர். ஆப்பரேஷன் செய்துகொண்டிருப்பவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். நிரஞ்சனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, தப்பு நடந்து போச்சு. பாட்டை அணைச்சுட்டேன். அழுதுட்டேன் தம்பி. நிறைய அழுதுட்டேன். எல்லாருக்கும் போயிருக்குமே. ஆருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருந்தா..."

"ஒண்ணும் ஆகல சார். யாருக்கும் போகல."

"எப்படிங்க?"

"மூணு வாரமா உங்ககிட்ட இருந்து எதையும் எடுக்கறதில்ல. நீங்க எப்பவாவது தூங்குவீங்க, எப்பவாவது கழட்டுவீங்க. அப்பெல்லாம் ஆட்களுக்கு வர்றது நின்னுரும். அதனால இத்தனை மாசம் உங்ககிட்ட எடுத்ததை வெச்சு அதைத் தானா உண்டாக்கப் பழக்கிட்டாங்க. இப்ப ஓடறது நீங்க இல்ல சார். உங்களை மாதிரி ஒண்ணு."

தண்டபாணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எங்கிட்டச் சொல்லவேயில்லையே."

"படிவத்துல இருக்கு. ஆறாம் பக்கம்."

"சரி, அதை நிறுத்தச் சொல்லுங்க. இப்ப எனக்கு அப்படியில்ல தம்பி. நான் அழறனே, கேக்குதா? அது இனி என்னோடது இல்ல. ஒரு குழந்தை செத்துப்போச்சு."

"தெரியும் சார். பூங்கொடியக்கா சொன்னாங்க."

அவன் அதைச் சொன்ன விதத்தில் தண்டபாணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "தம்பி, நீங்களும் ஒட்டியிருக்கீங்களா?"

"வேலை நேரத்துல மட்டும்" என்றான் நிரஞ்சன்.

ஞாயிறு வரை அவர் அழுதார். பட்டறையில் அழுதார். கறிவேப்பிலை வாங்கிய இடத்தில் அழுதார். கடைக்காரர் பயந்து போய் ஒரு கட்டு அதிகமாகக் கொடுத்தார். இத்தனை நாள் பார்க்காத எல்லாமும் கண்ணில் பட்டது. அவளுடைய செருப்பு வாசலில் அப்படியே தூசி படிந்து கிடந்தது. பதினோரு வீடு என்று எழுதியவரின் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தார். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தான் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தார். ஏழு வருடம் ஒருவருக்கொருவர் உருகிக் காட்டியவர்கள்தானே.

ஞாயிறு பத்து மணிக்கு மாடி ஏறினார். ஐந்து பேர் இருந்தார்கள். மெஹருன்னிசாவின் காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒன்று ஒட்டியிருந்தது. அவருடைய தம்பி போன மாதம் தவறிப் போயிருந்தார்.

தண்டபாணி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாட்டை அணைத்தது, மோட்டார் அணைக்கலியா என்று கேட்டது, தரையில் உட்கார்ந்தது. "அதைக் கழட்டிருங்க மேடம். அது என்னோடதுதான். கெட்டது. எனக்குத் தெரியும்" என்றார்.

ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். முகங்களில் பகையில்லை, அலுப்பும் இல்லை. பத்து மாதமாகக் கண்ணாடியில் அவர் பார்த்த முகம்தான் ஐந்து பேருக்கும் இருந்தது.

"நல்லது" என்றார் மெஹருன்னிசா. "எப்பவாவது அழுகை வந்துதானே ஆகணும். உட்காருங்க தண்டபாணி, டீ சொல்லட்டுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. பூங்கொடி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பஞ்சுத்துணி ஒன்றை எடுத்து, இடது கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முகத்தைத் துடைத்தாள். கண் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல், ஒழுங்காகத் துடைத்தாள். நல்ல நர்ஸ்.

"வலிக்குதாங்கண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"எங்க?"

அவரால் இடம் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பாப்பா பேரென்னங்க?"

"இன்பா."

"நீங்க இதைக் கழட்டி எத்தனை நாளாச்சு?"

"கழட்டறதில்லீங்கண்ணா. கழட்டினா வந்துரும்."

"வரும்" என்றார். "எனக்கும் வந்துது. நான் பொய் சொல்லல, ரொம்ப மோசம். ஆனா நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். எத்தனை நேரமானாலும் சரி. எனக்கு இன்னைக்கு வேற வேலையில்ல."

அவள் அதை ஒரு மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல யோசித்தாள். மற்றவர்கள் ஆல்பத்தைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். குழல் ஆரம்பித்தது. பூங்கொடி கையைப் பின்னால் கொண்டுபோய், நகத்தால் மெல்ல நெம்பி, இணைசெவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கீழே யாரோ பஃப்ஸ் கேட்டார்கள். அவள் பஞ்சுத்துணியை நாலாக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். மூன்றாம் முறை மடிக்கவில்லை, துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்தாள்.

"அண்ணா."

"சொல்லுங்க."

"நான் எழுதிக் குடுத்தது பொய்யிங்கண்ணா. அழுகை மாறினது எனக்குக் கேட்டுச்சு."

தண்டபாணி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுச்சுங்கண்ணா" என்றாள். அவள் குரல் உடைந்தது. சுற்றி இருந்த நான்கு பேரும் கண்ணைத் திறக்கவில்லை.